எங்கள் கடையில் யாரும் உட்காருவதில்லை

துணியைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். எந்தச் சாயம் நிற்கும், எது முதல் சலவையிலேயே ஓடும், விலை கேட்டுவிட்டு முகத்தைச் சுளிப்பவரிடம் எப்படிப் பேசுவது, இதெல்லாம் ஒரு வருஷம் கடையில் இருந்தால் தானாக வந்துவிடும். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய கால்களைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கலாம். இருபது வயதில் கால் என்று ஒன்று இருப்பதே நமக்கு ஞாபகம் வராது.

ஹட்டன் பெரிய வீதியில் இருந்த ஒரு புடவைக் கடையில் நான் வேலை பழகினேன். என் அப்பாவும் அம்மாவும் நோர்வுட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். எனக்குக் கடையில் வேலை கிடைத்தபோது லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். "நீ குடுத்து வச்சவன்டா. மழையில நனைய வேணாம். அட்டை கடிக்காது." அதில் பொய் இல்லை. கூரைக்குக் கீழே, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பார்க்கிற வேலையில் உடம்புக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் நினைத்தேன்.

கடையில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. அது காசு மேசைக்குப் பின்னால், முதலாளி உட்காருவது. வாசலில் இரும்பு மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த முஸ்லிம் தையல்காரருக்கு, நாங்கள் நானா என்று கூப்பிடுபவருக்கு, ஒரு முக்காலி உண்டு. அவர் எங்கள் ஆள் இல்லை, வராந்தாவுக்கு வாடகை கொடுத்து இருந்தவர். நாங்கள் எல்லோரும் கடை திறந்ததிலிருந்து அடைக்கும்வரை நிற்பவர்கள். சாப்பிடப் பின்கட்டுக்குப் போனால்கூடச் சாக்குக் கட்டின் மேல் குந்தி அவசர அவசரமாக விழுங்கிவிட்டு எழுந்துவிடுவோம். தரை சிமெந்து. மலைநாட்டுச் சிமெந்துத் தரையின் குளிர் உங்களுக்குத் தெரியும். துணி விரித்துக் காட்டுகிற இடத்துக்குச் செருப்புடன் வரக்கூடாது என்பதால் வெறுங்கால்.

முதலாளி கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சின்ன வயதில் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து, கொழும்பில் ஒரு துணிக்கடையில் எடுபிடியாக இருந்து மேலே வந்தவர். "நின்னுக்கிட்டிருக்கிற ஆளைப் பாத்தாத்தான் ரோட்டுல போறவங்க உள்ள வருவாங்க. உக்காந்திருக்கிற கடையில ஈதான் உக்காரும்" என்பார். அவரை ஆளாக்கிய கடையில் அவருக்குச் சொல்லப்பட்டது அது. நாங்களும் அதை நம்பினோம். வேறு கடையில் யாராவது சாய்ந்து நிற்பதைக் கண்டால், சோம்பேறிப் பயல் என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

எங்களுக்கெல்லாம் மூத்தவர் ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் பெரியண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். உண்மைப் பெயரை எழுத வேண்டாம் என்று அவருடைய மகள் கேட்டுக்கொண்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். பொகவந்தலாவை, மஸ்கெலியா என்று எங்கெங்கோ இருந்து வருகிற பெண்கள் கடைக்குள் நுழைந்ததும் அவரைத்தான் தேடுவார்கள். சேலையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவார். ஒருத்தி ஆசையாக எடுத்த சேலையை மடித்துத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, "இது வேணாம் தங்கச்சி. ஒரு மழைக்கு ஒங்க ரவிக்கையெல்லாம் செவப்பாயிரும். கொஞ்சம் பொறுங்க" என்று வேறொன்றை இறக்குவார். முதலாளி அதைக் கேட்டும் கேட்காதவர்போல இருப்பார். அந்தப் பெண் அடுத்த வருஷமும் வருவாள் என்று அவருக்குத் தெரியும்.

ஒருநாள் கடை அடைக்கிற நேரம், பின்கட்டுக் குழாயில் பெரியண்ணன் கால் கழுவிக்கொண்டிருந்தபோது நான் அங்கே போக நேர்ந்தது. வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கியிருந்தார். முழங்காலுக்குக் கீழே நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்து, முறுக்கிக்கொண்டு நின்றன. கணுக்காலுக்குப் பக்கத்தில் தோல் கறுத்து, பளபளவென்று மெலிந்திருந்தது. கடையில் வெட்டி மிஞ்சும் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, நீளமான பட்டியாக்கி வைத்திருந்தார். காலையில் அதைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்கு வருகிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வேட்டியை ஏன் இவ்வளவு இறக்கிக் கட்டுகிறார் என்பதும் விளங்கியது.

"அண்ணே, இதை ஆஸ்பத்திரியில காட்டணும்" என்றேன்.

"காட்டலாம். தீவாளி முடியட்டும்."

"நானே மொதலாளிகிட்ட பேசுறேன். ஒரு நாள் லீவு தர மாட்டாரா?"

"லீவு தருவாரு. அதுக்கப்புறம்?" பட்டியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். "நிக்க முடியாத ஆளைக் கவுண்டர்ல வச்சிருப்பாரா? குடோனுக்கு அனுப்பிருவாரு. அங்க மூட்டையோடதான் பேசிக்கிட்டு இருக்கணும். நீ யார்கிட்டயும் சொல்லாத தம்பி."

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை நான் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தீபாவளியைத்தான் காட்டினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பின்னால் நானே பெரிய கடையொன்றுக்கு மனேஜராக இருந்த காலத்தில், புதிய ஆள் யார் வந்தாலும் முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன்: உடம்புக்கு என்ன என்று சொன்னதற்காக இங்கே யாருக்கும் இடம் மாறாது, வேலை போகாது. சொன்னால் மட்டும் போதாது, அப்படியே நடந்துகொள்ளவும் வேண்டும். வலியை மறைக்கிற ஆள் வலியைக் கண்டு பயப்படுவதில்லை. தனக்குத் தெரிந்த வேலை கையைவிட்டுப் போய்விடும் என்றுதான் பயப்படுகிறார். நாளைக்கு உங்களுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்யும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷத் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. தோட்டங்களில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்து முடித்திருந்தார்கள். காலையிலிருந்தே லொறிகளில் சனம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு மழையும் பிடித்துக்கொண்டது. ரோட்டில் நின்றவர்களும் உள்ளே ஏறிவிட்டார்கள். ஈரக் கம்பளி வாசனை, பிள்ளைகள் அழுகை, சேலையைப் பிரிக்கிற சத்தம். அந்த மாதிரி நாட்களில் நாங்கள் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. குடித்தால் பின்கட்டுக்குப் போகவேண்டி வரும், கவுண்டரை விட்டு நகர்ந்தால் திரும்பி அந்த இடத்துக்கு வருவது பெரும்பாடு. அதையும் ஒரு கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்திருந்தோம்.

பெரியண்ணன் நடுவில் நின்று ஒரு குடும்பத்துக்குச் சேலை காட்டிக்கொண்டிருந்தார். மேல் தட்டிலிருந்து ஒரு துணிக் கட்டை எடுப்பதற்காக நான் அவருக்குப் பின்னால் போனேன். கால் வழுக்கியது. சனத்தோடு வந்த மழைத்தண்ணீர் கவுண்டருக்குள்ளும் வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் என் பாதத்தில் பட்டது சூடாக இருந்தது. அந்தத் தரையில் சூடாக எதுவும் இருக்க முடியாது.

குனிந்து பார்த்தேன். அவருடைய காலடியில் இரத்தம் பரவிக் கிடந்தது. வேட்டியின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. வலி இல்லை போலிருக்கிறது. முகம் மட்டும் வெளுத்து, உதட்டில் நிறமே இல்லாமல், "கரை வேணும்னா கொஞ்சம் அகலமா பாப்போமா" என்று பேசிக்கொண்டிருந்தார்.

நான் அவருடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, சேலையைக் கீழ வைங்க. கால்ல ரத்தம் வருது. நான் பிடிச்சிருக்கேன்."

அவர் கீழே பார்த்தார். பார்த்ததும் முழுப் பாரத்தோடு என் மேல் சாய்ந்தார்.

முதலாளி அதைக் கண்டுவிட்டார். அவர் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. தன் நாற்காலியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சனத்தை விலக்கி, கவுண்டருக்குள்ளே வந்தார். "உக்கார வை. உக்கார வை அவனை. சோடா ஒடைங்கடா யாராவது." பெரியண்ணனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தோம். எங்கள் கடையில் வேலைக்காரன் ஒருவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

உட்கார வைத்ததும் நிலைமை மோசமானது. சுற்றியிருந்த பட்டியைப் பிரித்துப் பார்த்தால், கணுக்காலுக்கு மேலே சின்னதாக ஒரு பொத்தல். அதிலிருந்து இரத்தம் விடாமல் வழிந்து, நாற்காலிக் காலைச் சுற்றித் தேங்கியது. பெரியண்ணனுடைய தலை பின்னால் சாய்ந்தது. ஆளுக்கொரு பேச்சு. காயத்தில் கோப்பித்தூள் வை என்றது ஒரு குரல். தொடையில் கயிற்றால் இறுக்கிக் கட்டு என்றது இன்னொன்று. கார் பிடிக்க ஆள் ஓடியது. முதலாளி சோடாப் போத்தலை அவர் வாயில் வைத்துக்கொண்டு, "குடிப்பா, கொஞ்சம் குடி" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அப்போது கவுண்டருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "அவரை உக்கார வைக்காதீங்க. படுக்கப் போட்டுக் காலைத் தூக்குங்க."

வெள்ளைச் சேலை, கையில் குடை. ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவிச்சியாக இருந்த அம்மா என்று பிறகு தெரிந்தது. தன் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வந்திருந்தாள்.

முதலாளி திரும்பிப் பார்க்கவில்லை. "படுக்கப் போட்டா மூச்சு அடைச்சிரும்மா. கார் வருது. இப்படியே தூக்கிட்டுப் போயிருவோம்."

"கார் வர்ற வரைக்கும் தாங்காது. படுக்கப் போடுங்க."

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவரைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு பக்கம் சம்பளம் தருகிற முதலாளி, அழுதுவிடுபவர்போல நிற்கிறார். மறுபக்கம் நான் முன்பின் பார்த்திராத ஒரு பெண். யோசிக்க நேரமில்லை என்று சொல்வார்கள். நேரம் இருந்தது. ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம். அதற்குள் எனக்குத் தெரிந்தது இதுதான்: பேசிய எல்லோரும் பெரியண்ணனுடைய முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். அந்த அம்மா மட்டும் காலைப் பார்த்துப் பேசினாள். இரண்டாவது, நின்றபோது வந்ததைவிட உட்கார வைத்த பிறகு இரத்தம் குறைந்ததா என்றால், குறையவில்லை. செய்துகொண்டிருப்பது சரியாக வரவில்லை என்று கண்ணுக்கு முன்னால் தெரியும்போது அதையே இன்னும் வேகமாகச் செய்வதில் பிரயோசனம் இல்லை.

கவுண்டரில் குவிந்து கிடந்த சேலைகளை ஒரே இழுப்பில் தரையில் தள்ளினேன். பட்டும் இருந்தது. இரத்தத்தில்தான் விழுந்தது. "நானா, உள்ள வாங்க" என்று தையல்கார நானாவைக் கூப்பிட்டேன். அவர் மெஷினை விட்டுவிட்டு ஓடி வந்து கால் பக்கம் பிடிக்க, நான் தோள் பக்கம் பிடிக்க, பெரியண்ணனைக் கவுண்டர் பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். அந்த அம்மா குடையைப் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். "குதிகாலை உங்க தோள் மேல வச்சுக்குங்க" என்றாள் என்னிடம். வைத்தேன். நாலாக மடித்த வெள்ளைத் துணியைப் பொத்தலின் மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "கயிறு கட்ட வேணாம். எடுத்து எடுத்துப் பாக்கவும் வேணாம். இப்படியே இருப்போம்."

முதலாளி அதற்குள் ஒரு புது மல் துணிக் கட்டை இறக்கி, கத்தரிக்கோலைத் தேடாமல் கையாலேயே கிழித்துக் கிழித்து அவளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கப் பின்னாலிருந்த சனம் முன்னால் தள்ளியது. கவுண்டருக்குப் பக்கத்தில் கண்ணாடி அலுமாரிகள். ஒன்று சரிந்தால் பிள்ளைகள் மேலே விழும். எனக்குக் கத்தத் தோன்றியது. ஆனால் எல்லோரும் கத்திக்கொண்டிருக்கிற இடத்தில் இன்னொரு கத்தல் யாருக்கும் கேட்காது. கிட்டே நின்ற ஒரு தோட்டத்துக் கங்காணியின் கண்ணைப் பார்த்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னேன்: "ஐயா, பிள்ளைங்களை வச்சிருக்கிறவங்களை மொதல்ல வெளிய கூட்டிட்டுப் போங்க. கார் வந்து நிக்க வாசல்ல எடம் வேணும்." அவர் உடனே கையை விரித்துக்கொண்டு சனத்தின் பக்கம் திரும்பி நின்றார். அவர் திரும்பியதும் மற்றவர்களும் திரும்பினார்கள். கூட்டத்துக்குச் சொல்லாதீர்கள், கூட்டத்தில் ஒருவருக்குச் சொல்லுங்கள். இதை நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் துணியில் புதிதாகச் சிவப்பு ஏறுவது நின்றது. பெரியண்ணன் கண்ணைத் திறந்து, தன் கால் என் தோளில் இருப்பதைப் பார்த்தார். "என்னடா இது" என்றார் மெதுவாக. இறக்கப் பார்த்தார். மூத்தவர் கால் இளையவன் மேல் படுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அசையாம இருங்க பெரியவரே" என்றாள் மருத்துவிச்சி அம்மா. "அந்தத் தம்பிக்குப் பாரமில்ல."

காரின் பின்சீட்டில் அதே மாதிரி படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். முதலாளியும் வந்தார். அவர் சட்டையெல்லாம் இரத்தம். டொக்டர் சிங்களவர். காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, முதலாளியிடம் சிங்களத்தில் பேசினார். இன்னும் சிறிது நேரம் உட்கார வைத்திருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார். பிறகு, இவர் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று கேட்டார். கடை திறந்திருக்கிற நேரம் முழுக்க என்றார் முதலாளி.

"அப்படியென்றால் எப்போது உட்காருவார்?"

டொக்டர் குறைசொல்லக் கேட்கவில்லை. மருந்து எழுதுவதற்காகத்தான் கேட்டார். முதலாளி என் முகத்தைப் பார்த்தார்.

தீபாவளிக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. கடையில் ஓர் ஆள் குறைவு. மறுநாள் காலை முதலாளி காசு மேசையைத் தன் மைத்துனரிடம் ஒப்படைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு, அளவுகோலை எடுத்துக்கொண்டு பெரியண்ணன் நின்ற இடத்தில் வந்து நின்றார். பழைய கை, நன்றாகவே விற்றார். முதல் நாள் உற்சாகமாக இருந்தது. இரண்டாம் நாள் பின்நேரம் அலுமாரியில் சாய்ந்துகொண்டார். மூன்றாம் நாள் கடையடைத்த பிறகு பின்கட்டுக் குழாயடியில் காலை நனைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"இந்தக் குதிகால் எரிச்சல் எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"எனக்கு இன்னும் நிக்கல்ல மொதலாளி."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. குழாயை மூடிவிட்டுப் போய்விட்டார்.

கவுண்டருக்குள் உட்கார ஏதாவது போட்டுத் தாருங்கள் என்று அப்போதே கேட்கலாம் என்றார்கள் மற்றவர்கள். கேட்டிருந்தால் உடனே கிடைத்திருக்கும். நான் வேண்டாம் என்றேன். பயத்தில் கொடுப்பதைப் பயம் தெளிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். தீபாவளி முடிந்து, கடை அமைதியாகி, அவர் மறுபடி தன் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய முதலாளியாக ஆன பிறகு ஒரு காலையில் போய்க் கேட்டேன்.

அவர் மறுக்கவில்லை. ஆனால் தயங்கினார். "எனக்கு ஒன்னுமில்லப்பா. வர்றவங்க என்ன நினைப்பாங்க? நாம உக்காந்துக்கிட்டு அவங்களை நிக்க வச்சு வியாபாரம் பண்ணினா மரியாதையா?"

"வர்றவங்களையே கேட்டுப் பாப்போம்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தேயிலைக் கொழுந்தெடுக்கிற ஓர் அக்கா மகனுக்குச் சட்டைத்துணி எடுக்க வந்திருந்தாள். முதலாளி தானே எழுந்து போய் அவளிடம் கேட்டார். "ஏம்மா, எங்க ஆளுங்க உக்காந்துக்கிட்டே துணி காட்டினா நீங்க கோவிச்சுக்குவீங்களா?"

இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவள் நினைத்திருக்க வேண்டும். எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "எங்க மலை சரிவு, நாங்க உக்கார முடியாது. இங்க தரை சமமாத்தானே இருக்கு. இவங்க ஏன் நிக்கிறாங்கன்னு நான் எப்பவும் நினைக்கிறதுதான்." துணியை மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, போகும்போது திரும்பினாள். "எங்களுக்கும் உக்கார ஒரு வாங்குப் போட்டா நல்லதுங்க. அவ்வளவு தூரம் நடந்து வர்றோம்."

அடுத்த கிழமை தச்சர் வந்து அளவெடுத்தார். கவுண்டருக்குள் நிற்கிற ஒவ்வொருவருக்கும் உயரமான ஸ்டூல், வருகிறவர்களுக்குச் சுவரோடு பெஞ்சு மாதிரி ஒரு நீள வாங்கு. தரையில் கால் வைக்கிற இடத்துக்குப் பலகை. ஆள் மாறி ஆள் தேத்தண்ணி குடிக்கப் போவதற்கு ஓர் ஒழுங்கும் வைத்துக்கொண்டோம். தண்ணீர் குடிக்காமல் இருப்பதை நிறுத்தினோம்.

வாங்கில் சனம் அன்றைக்கே உட்கார்ந்தது. ஸ்டூலில் ஒருவரும் உட்காரவில்லை.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நானும் உட்காரவில்லை. உட்காரலாம் என்று முதலாளி சொல்லியாயிற்று. உட்கார வேண்டும் என்று கேட்டதே நாங்கள்தான். ஆனாலும் அவர் முகம் எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். சும்மா இருக்கிறதே என்று ஸ்டூல்களின் மேல் துணிக் கட்டுகளை அடுக்கத் தொடங்கினோம். ஒரு மாதத்தில் அவை ஸ்டூல் என்பதே மறந்துபோய், கைக்கெட்டுகிற உயரத்தில் நல்ல தட்டுகளாகிவிட்டன.

பெரியண்ணன் திரும்பி வந்தபோது கிறிஸ்மஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. காலில் ஆஸ்பத்திரிக் கட்டு. காசு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பில் எழுதலாம் என்றார் முதலாளி. "அது நமக்கு ஒத்து வராதுங்க. துணியைத் தொட்டு வித்த கை" என்றுவிட்டு நேரே தன் இடத்துக்குப் போனார். அவருடைய ஸ்டூலில் மட்டும் நாங்கள் எதையும் வைத்திருக்கவில்லை. அவரும் அதைத் தொடவில்லை. வாடிக்கையாளர்கள் இல்லாத நேரத்தில், முதலாளி வெளியே போனால், கவுண்டரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொஞ்சம் பாரத்தை இறக்குவார். முதலாளியின் செருப்புச் சத்தம் கேட்டதும் நேராகிவிடுவார்.

ஒருநாள் காலை. பனி விலகாத நேரம், கடையில் ஆளில்லை. முதலாளி காசு மேசையில் இருந்தார். பெரியண்ணனுக்கு அன்றைக்குக் கால் மிகவும் கடுத்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்து முழுதாக உட்கார்ந்துவிட்டார். முதலாளி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

அந்த நேரம் வாசலில் ஜீப் வந்து நின்றது. பக்கத்துத் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையின் மனைவி, தொரசாணி, ஜன்னல் திரைக்குத் துணி வாங்க வந்திருந்தாள். தொரசாணி வந்தால் அந்தக் காலத்தில் தெருவே எழுந்து நிற்கும். பெரியண்ணன் கவுண்டரில் கையை ஊன்றி, நல்ல காலுக்குப் பாரத்தை மாற்றி, எழும்பத் தொடங்கினார்.

"இருங்க பெரியண்ணே" என்றார் முதலாளி.

அதுவரை அவரை வா போ என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர். பெரியண்ணன் பாதி எழும்பியவர் அப்படியே நின்று அவரைப் பார்த்தார். முதலாளி காசு மேசையை விட்டு வந்து, ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து திரைத்துணிக் கட்டுகளைத் தானே இறக்கி, பெரியண்ணனுக்கு முன்னால் கவுண்டரில் வைத்தார். "காட்டுங்க" என்றார்.

பெரியண்ணன் மறுபடி உட்கார்ந்தார். கட்டைப் பிரித்து உருட்டிவிட்டார். இரண்டாவது கட்டையும் பிரித்துப் பக்கத்தில் விரித்தார். தொரசாணி குனிந்து துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், நிறம் வெளுக்குமா என்று கேட்டாள், அவர் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார், இரண்டு நிறத்தில் தெரிவு செய்துகொண்டு போய்விட்டாள். விற்றவர் நின்றாரா உட்கார்ந்திருந்தாரா என்பது அவள் கண்ணில் படவே இல்லை. எந்தக் கண்ணுக்குப் பயந்து நாங்கள் இத்தனை வருஷம் நின்றோமோ, அந்தக் கண் துணியை மட்டும்தான் பார்த்தது.

ஜீப் போன சத்தம் அடங்கியது. முதலாளி பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். நான் என் ஸ்டூலின் மேல் அடுக்கியிருந்த துணிக் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் வைத்தேன். அடுத்திருந்தவனும் அதையே செய்தான்.